அப்பளமாய் நெளிந்த 99

கனடாவின் ஸ்கார்பரோவில் குளிர்காலம் வந்தால் மகனுக்கு ஐஸ் ஹாக்கிதான். ஜெர்சியில் 99 வேண்டுமாம். ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கிக்காக 2000-இல் என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) முழுவதுமே ஓய்வு கொடுத்த எண்; அங்கே வேறு யாரும் அணிய முடியாது. வீட்டுத் தையலில் யார் தடுக்கப் போகிறார்கள்? எண்ணை ட்வில் துணியில் வெட்டி, குண்டூசி குத்தி, ஜிக்ஜாக் தையல் ஓட்டினேன். ஜெர்சியின் வலைத்துணி இழுபட்டு, முதல் 9 பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. தையலைப் பிரிக்கவே ஒரு மாலை போனது.

அப்புறம் குண்டூசியை விட்டுவிட்டு எண்ணைப் பசைக்குச்சியால் ஒட்டினேன். ஜெர்சியின் உள்பக்கம், தைத்தபின் கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர் தாள். ஊசியும் முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி. மெஷின் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து, 3 மில்லிமீட்டர் அகலத்தில் மெதுவாகத் தைத்தேன். வளைவுகளில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துத்தான் திருப்பினேன். சுருக்கமே இல்லை. சூடான அயர்ன் மட்டும் வைக்கவில்லை, பாலியெஸ்டர் பளபளத்துவிடும்.