கப், டம்ளர், ஆழாக்கு அளவுகளைக் கிராமுக்கு மாற்றும் முறை

சமையல் குறிப்பில் ‘ஒரு கப் மைதா’ என்று இருந்தால், அது எத்தனை கிராம் என்று தேடுவதற்கு முன்பு, அந்தக் கப் எத்தனை மில்லிலிட்டர் கொள்ளும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் குறிப்புகளில் கப் என்பது ஏறத்தாழ 240 மி.லி.; ஆஸ்திரேலியக் குறிப்புகளில் 250 மி.லி.; ரைஸ் குக்கருடன் வரும் கப் பெரும்பாலும் 180 மி.லி. மட்டுமே. படிக்கு எட்டு ஆழாக்கு என்பது பழைய கணக்கு என்றாலும், படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டதால், பாட்டி எழுதிவைத்த ‘ஓர் ஆழாக்கு உளுந்து’ எவ்வளவு என்பதை அவர் புழங்கிய ஆழாக்கை வைத்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கொள்ளளவைக் கண்டறிவது எளிது. டிஜிட்டல் தராசில் காலிப் பாத்திரத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ளது என்பதால், தராசு காட்டும் கிராம்தான் அந்தப் பாத்திரத்தின் மில்லிலிட்டர். பிறகு ஈரம் போகத் துடைத்து, அதே பாத்திரத்தில் மாவையோ பருப்பையோ தலைதட்டி நிரப்பி எடை பார்த்துக் குறித்துவையுங்கள்.

240 மி.லி. கப்பில் மைதா சுமார் 120 கிராம், சர்க்கரை சுமார் 200 கிராம், ரவை சுமார் 170 கிராம், பச்சரிசி 190 முதல் 200 கிராம் வரை இருக்கும். உங்கள் டம்ளர் 180 மி.லி. என்றால், 120-ஐ 240-ஆல் வகுத்து 180-ஆல் பெருக்க வேண்டும். மைதா 90 கிராம் என்று வரும். அதே கணக்கில் சர்க்கரை 150 கிராம்.

மாவுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. மைதாவைச் சலித்து, கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் கிடைக்கும் எடை வேறு; கப்பையே டப்பாவுக்குள் அழுத்தி அள்ளினால் கிடைக்கும் எடை வேறு. இரண்டாவது முறையில் அதே கப்பில் 140 கிராமுக்கு மேலும் ஏறிவிடும். கேக் வறண்டு போவதற்கு அடுப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. அரிசி, பருப்பு, சர்க்கரை ஆகியவை மாவைப் போல அமுங்காதவை என்பதால் அவற்றில் இந்த வேறுபாடு மிகக் குறைவு.

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நான்குக்கு ஒன்று என்று ஒரே டம்ளரால் அளப்பவர்கள் எடைக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை. முறுக்கு மாவைப் பெரிய அளவில் கிலோக் கணக்கில் பிசையும்போதுதான் சிக்கல் வரும். அப்போது கப் விகிதத்தை அப்படியே எடை விகிதமாகக் கொள்ளாமல், அரிசி மாவையும் உளுத்தம் மாவையும் ஒவ்வொரு கப் தனித்தனியே எடை பார்த்து, அந்த எடைகளைப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

உப்பையும் சோடா உப்பையும் ஒரு தேக்கரண்டியாக எடை போட்டால் வீட்டுத் தராசு துல்லியமாகக் காட்டாது. பத்துத் தேக்கரண்டி அளந்து போட்டு, வரும் எடையைப் பத்தால் வகுங்கள். கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். கற்களுக்கு இடையே காற்று நிற்பதால் ஒரே கரண்டியில் கல் உப்பு எடை குறைவாகவே பிடிக்கும்.