குடும்ப மில் உங்கள் கைக்கு வரும்போது

பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்த 1930களில் என் தாத்தா தொடங்கிய நூற்பாலையை இப்போது நான் நடத்துகிறேன். அடுத்து என் தம்பி மகள் பொறுப்பேற்கப் போகிறாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெரிய வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை என்று ஊர் நினைக்கும். சொத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி பங்காகவும் பஞ்சாகவும் மெஷினாகவும் கிடக்கிறது. அதன் மேல் அண்ணன் தம்பி, அத்தை, சித்தப்பா பிள்ளைகள் என்று பலருக்கும் உரிமை உண்டு. எது யாருடையது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

ஆடிட்டரிடம் கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டை, அதாவது பங்குதாரர் பட்டியலை, கேட்டு வாங்கி, பெயர் பெயராகப் படியுங்கள். காலமான தாத்தாவின் பெயரிலேயே பங்கு நிற்கலாம். "நாமினி போட்டாச்சு, போதும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். போதாது. நாமினி பங்கின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை, வாரிசுச் சட்டப்படிதான் பங்கு போகும் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இந்துக் குடும்பத்தில் அப்பா உயில் எழுதாமல் போனால் அவர் பெயரிலுள்ள பங்கு அவருடைய அம்மா, மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். அதனால் அவர் திடமாக இருக்கும்போதே உயிலைப் பற்றிப் பேசுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், பேசத்தான் வேண்டும்.

"நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, பொண்ணுக்கு எதுக்குப் பங்கு" என்ற பேச்சை யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017ல் காலமான பிறகு, அவருடைய மகள் வள்ளி அருணாசலம் குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020ல் வாக்கெடுப்பில் அது நிராகரிக்கப்பட்டது. குடும்பத்துக்குள் சமரசம் வர 2023 ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய, ஒழுங்கான குடும்பத்திலேயே இப்படி என்றால், மற்ற வீடுகளில் இதைப் பேசாமல் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள்.

அடுத்தது பேங்க். இதில்தான் வாரிசுகள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். சிசி லிமிட்டை, அதாவது அன்றாடச் செலவுக்கு பேங்க் தரும் கடன் வரம்பை, புதுப்பிக்கும்போது, ஒரு கட்டுப் பேப்பர்களுக்கு நடுவே உங்கள் தனிப்பட்ட ஜாமீன் பத்திரமும் வரும். கடன் வாங்குவது கம்பெனிதான். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவின்படி, வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். 2019 டிசம்பரிலிருந்து, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர் மீதும் திவால் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். இயக்குநர் பதவியை விட்டு விலகினாலும் ஜாமீன் தானாக விலகாது. பேங்க் எழுத்தில் விடுவிக்க வேண்டும். எனவே ஜாமீனுக்கு ஒரு தொகை வரம்பு கேளுங்கள். ஓய்வு பெற்ற சித்தப்பாவின் பழைய ஜாமீனை விடுவிக்கச் சொல்லி அதே நாளில் கடிதம் கொடுங்கள்.

மாதாமாதம் பேங்குக்குப் போகும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலும், அதாவது சரக்கு இருப்புப் பட்டியலிலும், உங்கள் கையெழுத்து இருக்கும். அதைப் போடும் முன் குடோனுக்குப் போங்கள். ஒரு பேல், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சு மூட்டை, சுமார் 170 கிலோ. ஒவ்வொன்றிலும் லாட் எண்ணும், பஞ்சை அழுத்திக் கட்டும்போது பேலுக்குப் போடும் வரிசை எண்ணான பி.ஆர். எண்ணும் எழுதியிருக்கும். பட்டியலில் உள்ள லாட் அடுக்கில் இருக்கிறதா, பணம் கொடுத்து முடித்ததா என்று பாருங்கள். ஒரு பேலிலிருந்து கைப்பிடிப் பஞ்சை உருவி, இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே இழுத்து இழுத்து, இழைகள் ஒரே சீராக வந்ததும் நீளத்தைப் பாருங்கள். லேப் ரிப்போர்ட் எப்படியும் வரும். ஆனால் கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, ஆயிரம் ரூபாய் கூடக் கேட்கும் வியாபாரியிடம் பேச உங்கள் விரலுக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். குடோனில் அப்பா காலத்து ஆள் உங்களைப் "பாப்பா" என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும். எந்த லாட்டில் ஈரம் அதிகம் என்று சொல்லப்போவது அவர்தான்.

வீட்டுச் செலவை மில் கணக்கில் ஏற்றாதீர்கள். வேலை செய்யும் சொந்தத்துக்குச் சம்பளம், பங்கு வைத்திருக்கும் சொந்தத்துக்கு டிவிடெண்ட். இதில் விலக்கே வேண்டாம்.

கடைசியாக, எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் காலத்திலேயே குடும்ப ஒப்பந்தத்தை எழுதிவிடுங்கள். 1911ல் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தின் குடும்பக் கிளைகள் 2020 டிசம்பரில் அப்படித்தான் கையெழுத்திட்டன. எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்துகிறதோ, அதன் உரிமை அந்தக் கிளைக்கே போகும்படி செய்துகொண்டார்கள். பார்க்கும்போது எனக்கு மரியாதை கூடியது.

உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியை மட்டும் யார் சொன்னாலும் விடாதீர்கள்: விலக விரும்பும் கிளையின் பங்கை யார் மதிப்பிடுவது, எத்தனை தவணையில் வாங்குவது என்பது. நிலம், கட்டடத்தை அந்தப் பத்திரமே பிரித்துக் கொடுக்கிறது என்றால் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பங்கை வெளியாருக்கு விற்கக் கூடாது என்று எழுதினால், கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸிலும், அதாவது உள்விதிகளிலும், அதை ஏற்றுங்கள். அதில் இல்லாத கட்டுப்பாடு கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆர்ட்டிகிள்ஸை மாற்றச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு வாக்கு எதிர் வாக்கைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். நிறைவேறிய 30 நாளுக்குள் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்துவிடுங்கள்.