சரவுண்ட் கேட்கவில்லை என்று லெவலை ஏற்றுவதற்கு முன்

ஹோம் தியேட்டர் செட்டில் ஒயரை மாற்றிச் செருகுவது, மைக்கைச் சோபா மெத்தையில் போட்டுவிட்டு ஆட்டோ செட்டப்பை (ஸ்பீக்கர்களை ஓட்டும் ரிசீவர் பெட்டி மைக் வழியே தானே அளந்து அமைத்துக்கொள்வது) ஓடவிடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை முதல் நாளே பிடிபட்டுவிடும். மாதக்கணக்கில் பிடிபடாமல் இருந்து, நல்ல ஸ்பீக்கர் மீதே சந்தேகத்தைக் கிளப்பும் தவறுகள் சில உண்டு. அவற்றில் ஒன்றைப் புதிதாக செட் போடுகிற ஏறக்குறைய எல்லாரும் செய்கிறார்கள்.

படத்தை ஓடவிட்டு, காதால் கேட்டு சரவுண்டை ஏற்றுவது

5.1 செட்டைப் (முன்னால் இடது, வலது, நடுவில் சென்டர், பக்கத்திலோ பின்னாலோ இரண்டு சரவுண்ட், பாஸுக்கு ஒரு சப்வூஃபர்) பொருத்தி முடித்ததும் வரும் முதல் புகார், "பின்னாடி ஸ்பீக்கர்ல ஒண்ணுமே வரலையே" என்பது. எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்ப்பார்கள். லேசாக மழைச் சத்தமோ இரைச்சலோ கேட்கும். திரும்பி வந்து மெனுவில் சரவுண்டின் லெவலை +6 டெசிபல் ஆக்கிவிடுவார்கள். எஃபெக்ட் வந்துவிட்டது என்று மகிழ்ச்சி. செட்டின் சமநிலை குலைவது அங்கேதான்.

படத்தின் ஒலிக்கலவையில் வசனம் பெரும்பாலும் சென்டரில் இருக்கும். இசையும் அசைவும் முக்கியமாக முன்னால் உள்ள இரண்டில். சரவுண்டுக்கு வருவது மழை, கூட்ட இரைச்சல், எதிரொலி, எப்போதாவது பின்னாலிருந்து பறந்து வரும் ஹெலிகாப்டர். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் நிமிடக்கணக்கில் அங்கே எதுவும் இருக்காது; இருக்கவும் கூடாது. லெவல் சரியாக அமைந்த சரவுண்ட் ஓடுவதே தெரியாது. அணைத்துப் பார்த்தால் மட்டும் அறை சட்டென்று சுருங்கிப் போகும்.

+6 வைத்த பிறகு நடப்பதைப் பாருங்கள். கூட்டக் காட்சிகளில் பின்னால் உள்ள இரைச்சல் வசனத்தை மூடும். உடனே சென்டர் +4 ஆகும். இப்போது பாஸ் மெலிந்தது போல் தோன்றும், சப்வூஃபர் +5. இசையில் முன் ஸ்பீக்கர்கள் பின்தங்கும், அவற்றுக்கும் +3. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாச் சேனலும் பிளஸ்ஸில் நிற்கும், எதுவும் பொருந்தியிராது. எல்லாவற்றிலிருந்தும் 3 கழித்துப் பாருங்கள்: முன் ஸ்பீக்கர் 0, சென்டர் +1, சரவுண்ட் +3, சப்வூஃபர் +2. கழித்த அந்த 3 வெறும் வால்யூம். மாஸ்டர் வால்யூமைத் திருகினாலே கிடைத்திருக்கும்.

பணச் செலவும் இதில் உண்டு. 3 டெசிபல் கூட்டினால் ஆம்பிளிஃபையர் 2 மடங்கு பவர் தர வேண்டும். 6 டெசிபலுக்கு 4 மடங்கு. 10 டெசிபலுக்கு 10 மடங்கு. சாதாரணக் காட்சியில் இது தெரியாது. வெடிச் சத்தம் வரும்போது ஆம்பிளிஃபையர் கிளிப் ஆகலாம் (சக்தி போதாமல் ஒலி சிதையும்), சின்ன சரவுண்ட் பெட்டியின் ட்வீட்டர் (கீச்சொலிக்கான சிறு ஸ்பீக்கர்) எரியலாம். "ஸ்பீக்கர் தரம் சரியில்லை" என்று பெரிய சென்டரும் கூடுதல் வாட் ரிசீவரும் வாங்கி வைத்து, அதிலும் இதே +6-ஐப் போடுவார்கள். ஐந்து நிமிட வேலைக்குப் பதிலாகப் புது ரிசீவர்! எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத இடம் இது.

ஏனென்றால் பல வீடுகளில் சரவுண்ட் கேட்காததற்குக் காரணம் லெவலே அல்ல. ரிசீவரின் இன்ஃபோ பட்டனை அழுத்தி, உள்ளே வருவது 5.1-ஆ, 2.0-ஆ என்று பாருங்கள். டிவி ஆப்பில் படம் ஓடி, ஒலி ஏஆர்சி (டிவி ஒலியை எச்டிஎம்ஐ ஒயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) அல்லது ஆப்டிகல் வழியாக வருகிறது என்றால், டிவியின் ஆடியோ அவுட்புட் 'பிசிஎம்' என்று இருக்கக்கூடும். அப்படியானால் ரிசீவருக்கு வருவது பெரும்பாலும் வெறும் ஸ்டீரியோதான். அதை பாஸ்த்ரூ, பிட்ஸ்ட்ரீம் அல்லது ஆட்டோவுக்கு மாற்றுங்கள். அடுத்து ரிசீவரின் லிசனிங் மோடு. ஸ்டீரியோ மோடில் சரவுண்ட் ஊமை. இல்லாத சிக்னலை +6 வைத்து வரவழைக்க முடியாது. பின்னொரு நாள் அசல் 5.1 படம் ஓடும்போது, மறந்துபோன அந்த +6 பிடரியில் அறையும்.

சரியான வழிக்குப் படமே வேண்டாம். முதலில் ஸ்பீக்கர் சைஸ், கிராஸ்ஓவர், தூரம் மூன்றையும் முடித்துவிடுங்கள். ஸ்பீக்கர் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் (அதற்குக் கீழான பாஸ் சப்வூஃபருக்குப் போகும்) என்பது பெரும்பாலான பெட்டிகளுக்குப் பொருந்தும் தொடக்கம். இவற்றைப் பிறகு மாற்றினால் லெவலும் மாறும். எல்லா டிரிம்களையும் (சேனல் வாரியான லெவல் எண்கள்) 0-க்குக் கொண்டுவாருங்கள். ஏசி, ஃபேன் அணைந்திருக்கட்டும். ஒலி அளக்கும் மீட்டரை சி வெயிட்டிங் (பாஸை அதிகம் கழிக்காத அளவு முறை), ஸ்லோ என்று வைத்து, உட்காரும் இடத்தில் காது உயரத்தில் முக்காலியில் (டிரைபாட்) நிறுத்துங்கள். பிறகு மெனுவிலிருக்கும் டெஸ்ட் டோன். அது பிங்க் நாய்ஸ் என்ற சீரான இரைச்சல், சேனல் சேனலாக வரும். பெரும்பாலான ரிசீவர்களில் குறி 75 டெசிபல். டோன் ஓடும்போது சிலவற்றில் வால்யூம் தானாகவே நிர்ணயமாகிவிடும். மற்றவற்றில் மாஸ்டர் வால்யூமை 0 டெசிபலில் (ரெஃபரன்ஸ் லெவல்; சத்தமே இல்லாத 0 அல்ல) வையுங்கள். முன் இடது 72 காட்டினால் +3. சரவுண்ட் 79 காட்டினால் −4. எல்லாச் சேனலும் ஒன்றுக்கொன்று 1 டெசிபலுக்குள் வந்தால் போதும். உங்கள் மீட்டர் மொத்தமாகவே 2 டெசிபல் கூடவோ குறையவோ காட்டினாலும் பரவாயில்லை. நாம் தேடுவது சேனல்களுக்கு இடையிலான வித்தியாசத்தை.

சரவுண்ட் பெட்டிகள் பொதுவாக சோபாவுக்கு மிக அருகில் இருப்பவை. எனவே அவை மைனஸில் நிற்பது இயல்பு. மைனஸைப் பார்த்ததும் எதையோ இழந்தது போல் பதறி 0 ஆக்குகிறார்கள், அதுவும் +6-இன் தம்பிதான். 4 மீட்டர் தள்ளி இருக்கும் முன் ஸ்பீக்கரும் ஒன்றரை மீட்டரில் இருக்கும் சரவுண்டும் ஒரே எண்ணில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ருசிக்காக ஏற்றியே ஆக வேண்டுமென்றால், சமன் செய்த பிறகு 1 அல்லது 2 டெசிபல். அளந்த எண்களை ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டு ஏற்றுங்கள்.

டைனமிக் ஈக்யூ ஓடும்போது சரவுண்டைக் கூட்டுவது

ஆடிசி என்ற அறைத் திருத்த மென்பொருள் உள்ள ரிசீவர்களில் டைனமிக் ஈக்யூ என்று ஒன்று இருக்கிறது. வால்யூம் குறையக் குறைய அது பாஸையும் சரவுண்டையும் தானே உயர்த்தும். அதன் மேல் நீங்களும் +3 வைத்தால் இரட்டை ஏற்றம். பின்னணி துருத்திக்கொண்டு கேட்டால் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டை 5, 10, 15 என்று கூட்டிப் பாருங்கள். எண் கூடக் கூட அதன் வேகம் தணியும். டிவி நிகழ்ச்சிகளுக்கும் இசைக்கும் 10 அல்லது 15 பொதுவாகப் பொருந்தும்.

ஏ வெயிட்டிங்கில் சப்வூஃபரை அளப்பது

மீட்டரின் ஏ வெயிட்டிங் 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபலையும், 31.5 ஹெர்ட்ஸில் சுமார் 39 டெசிபலையும் கழித்துத்தான் காட்டும். அதில் 75 வரும்வரை சப்வூஃபரை ஏற்றினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். சி வெயிட்டிங்கில் அந்த இழப்பு 63 ஹெர்ட்ஸில் 1 டெசிபலுக்கும் குறைவு, 31.5-இல் 3. மொபைல் ஆப் பயன்படுத்துபவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பல ஆப்கள் திறந்ததும் ஏ வெயிட்டிங்கில்தான் இருக்கும். போன் மைக்குகள் அடிமட்ட பாஸைச் சரியாகப் பிடிப்பதும் இல்லை. மற்ற சேனல்களை ஒப்பிட அது போதும், சப்வூஃபருக்குப் போதாது.

சப்வூஃபர் டிரிம் −12 என்று வந்ததை அப்படியே விடுவது

டிரிம் −12 வரை மட்டுமே போகும் ரிசீவரில் ஆட்டோ செட்டப் −12 காட்டினால், அது அளவு அல்ல. "இதற்குக் கீழே என்னால் இறக்க முடியவில்லை" என்கிறது ரிசீவர். உண்மையில் −13 வேண்டுமா −20 வேண்டுமா என்பது தெரியாது. சப்வூஃபரின் பின்னால் உள்ள கெயின் (வால்யூம்) திருகியைக் குறைத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். −8-க்கும் −3-க்கும் இடையில் வந்து நின்றால் வசதி. மிகவும் மைனஸில் போனால் சிக்னல் மெலிந்து, சப்வூஃபரின் ஆட்டோ ஆன் (சிக்னல் வந்ததும் தானே இயங்கும் வசதி) சின்ன சத்தங்களுக்கு விழிக்காது. பிளஸ்ஸில் போனால் பெரிய காட்சிகளில் ரிசீவரின் ப்ரீ அவுட்டே (சப்வூஃபருக்கு சிக்னல் போகும் வாய்) கிளிப் ஆகலாம்.

சப்வூஃபரில் உள்ள லோ பாஸ் திருகியை (குறிப்பிட்ட அலைவரிசைக்கு மேலானதை வெட்டுவது) முழுதாக மேலே வையுங்கள், அல்லது அந்த வெட்டைத் தவிர்க்கும் எல்எஃப்இ பக்கம் தள்ளுங்கள். இல்லையென்றால் ரிசீவரும் வெட்டும், பெட்டியும் வெட்டும். பிறகு கிராஸ்ஓவர் பக்கத்தில் விழும் பள்ளத்தை லெவலை ஏற்றி நிரப்பப் பார்ப்பார்கள், நிரம்பாது.

சப்வூஃபர் டோனில் முள் 2, 3 டெசிபல் ஆடும். கண்ணால் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். சப்வூஃபரின் தூரத்தை ஆட்டோ செட்டப் நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டினால் டேப் பிடித்துத் திருத்தாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மின்னணுத் தாமதத்தையும் அது சேர்த்தே கணக்கிடுகிறது.

ஆட்டோ செட்டப் முடிந்த பிறகு உள் டெஸ்ட் டோனை வைத்துத் திருத்துவது

பல ரிசீவர்களில் உள் டெஸ்ட் டோன் அறைத் திருத்த ஈக்யூவைத் (அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் வடிகட்டி) தொடாமலேயே போய்விடும். படம் ஈக்யூவோடு ஓடும், நீங்கள் அளப்பது ஈக்யூ இல்லாத ஒலியை. 2 டெசிபல் வித்தியாசம் தெரிகிறதே என்று மாற்றினால், சரியாக இருந்ததைக் கெடுத்ததாகிவிடும். சரிபார்க்க வேண்டுமானால் டெஸ்ட் டிஸ்க் அல்லது சேனல் வாரியான டெஸ்ட் ஃபைலை பிளேயர் வழியாக ஓடவிட்டு அளங்கள்.

மீட்டரைக் கையில் பிடித்து அளப்பது

உங்கள் உடம்பும் ஒலியைத் திருப்பி அடிக்கும், முக்காலி வாங்குங்கள்.

லெவல் பொருந்தியதால் போலாரிட்டியும் சரி என்று நினைப்பது

டெஸ்ட் டோன் ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கரில்தான் வரும். அதனால் ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் எல்லாமே 75 காட்டும். முன் இரண்டிலும் ஒரே மோனோ ஒலியை ஓடவிடுங்கள். குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து, பாஸும் காணாமல் போனால் ஒரு ஸ்பீக்கரின் ஒயரைத் திருப்பி மாட்டுங்கள். லெவலைத் தொட வேண்டாம்.

சமன் செய்த பிறகு சோபாவை நகர்த்துவது

அரை மீட்டர் போதும், சப்வூஃபர் எண் பல டெசிபல் மாறிவிடும். மறுபடி அளங்கள்.