பழைய மால் கட்டடத்த இடிக்காம வேற வேலைக்கு மாத்துறது எப்படி

கடைக்காரங்க ஒவ்வொருத்தரா ஷட்டர இறக்கிட்டு போயிட்டாங்க, எஸ்கலேட்டர் நின்னுபோச்சு, மழை பெஞ்சா நடுக்கூடத்துல பக்கெட் வைக்க வேண்டியிருக்கு, உடனே எல்லாரும் சொல்றது இடிச்சிட்டு புதுசா கட்டிடலாம்னுதான். தயவுசெஞ்சு கொஞ்சம் பொறுங்க. ஒழுகுற கூரை, ஓடாத ஏசி இதெல்லாம் மாத்திக்கிற சாமான். போட்ட சிமெண்டும் கம்பியும் பெரும்பாலும் அஸ்திவாரம், தூண், ஸ்லாப் இதுலதான் இருக்கு, அத உடைச்சா லாரி லாரியா குப்பைக்குப் போகும், அதே சிமெண்ட மறுபடியும் சூளை எரிச்சுதான் செய்யணும்.

ஆர்க்கிடெக்ட கூப்பிடுறதுக்கு முன்னாடி வக்கீல பாருங்க. நிறைய மால்ல கடைசி முனையில இருக்குற பெரிய கடைங்களுக்கு அவங்கவங்க துண்டு நிலம் தனியா சொந்தமா இருக்கும், பார்க்கிங் மட்டும் பொது, அதுல கைவைக்கணும்னா எல்லாரும் கையெழுத்து போடணும்னு ஒப்பந்தத்துல எழுதி வச்சிருப்பாங்க. இத பாக்காம பிளான் போட்டா மொத்த உழைப்பும் வீண்.

அடுத்தது கட்டடத்தோட எலும்பு, அதாவது தூண், பீம், ஸ்லாப். ஃபால்ஸ் சீலிங்ல ஒரு பலகைய கழட்டி டார்ச் அடிச்சு மேல பாருங்க, பீம் அடியில துருக்கலர்ல கோடு வழிஞ்சிருக்கா, பூச்சு உப்பி நிக்குதா, சின்ன சுத்தியலால தட்டினா கல்லு மாதிரி கணீர்னு கேக்குதா இல்ல பொத்துனு உள்ள காலியா கேக்குதான்னு கவனிங்க. சந்தேகம் வந்த இடத்துல கான்கிரீட்ட உருளையா துளைச்சு மாதிரி (கோர்) எடுத்து டெஸ்ட் பண்ண சொல்லுங்க. சில ஸ்லாப்புக்குள்ள இழுத்துக் கட்டின ஸ்டீல் கேபிள் ஓடும், ஸ்கேன் பண்ணாம ஓட்டை போட்டு அது அறுந்துச்சுன்னா உயிருக்கே ஆபத்து. பழைய தரை டைல் ஒட்டின பசையிலயும் பைப் உறையிலயும் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சுல போனா நுரையீரலக் கெடுக்குற நார்) இருக்கலாம், டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் எதையும் உடைக்காதீங்க.

எடை விஷயத்துல மால் கட்டடம் நமக்கு சாதகம். அமெரிக்க டிசைன் கணக்குல கடைக்கு கீழ்த்தளம் சதுர அடிக்கு 100 பவுண்டு எடை தாங்கணும், மேல்தளம் 75, வீட்டுக்கும் வகுப்பறைக்கும் 40 போதும். ஆனா லைப்ரரி புத்தக ரேக்குக்கு 150 கேக்கும், அத மாடிக்கு ஏத்தாதீங்க.

எல்லாத்தையும் விட பெரிய தலைவலி வெளிச்சம்தான், காசு மிச்சம் இருந்தா இங்கதான் செலவு பண்ணணும்னு நான் சொல்வேன். மாலுக்கு ஜன்னலே கிடையாது, அகலமோ ரொம்ப அதிகம். ஜன்னலோட மேல்விளிம்பு 12 அடி உயரத்துல இருந்தா பகல் வெளிச்சம் உள்ள சுமார் 24லேர்ந்து 30 அடிதான் வரும், அதுக்கு அப்புறம் இருட்டு. ஒண்ணு நடுவுல ஸ்லாப்ப வெட்டி முற்றம் எடுங்க, இல்ல அடைச்சு வச்ச ஸ்கைலைட்ட திறங்க, இல்லன்னா வெளிச்சம் வேணாத வேலைய (ஸ்கேன் ரூம், தியேட்டர், ஸ்டோர்) நடுவுல வச்சிட்டு ஆள் நாள் முழுக்க உக்கார்ற இடத்த ஓரத்துக்கு கொண்டு வாங்க. அமெரிக்காவுல ப்ராவிடன்ஸ் ஊர்ல 1828ல கட்டின ஆர்கேட் (கூரை போட்ட கடைவீதி) 2013ல மறுபடி திறந்தப்ப மேல ரெண்டு தளத்துலயும் சேர்த்து 48 குட்டி வீடு வந்துச்சு, கீழ கடைங்க அப்படியே இருந்துச்சு. அந்தக் கட்டடம் ஒடுக்கமானது, நடுவுல நீளத்துக்கும் கண்ணாடிக் கூரை, அதனாலதான் அங்க வீடு சரிப்பட்டுச்சு. அதப் பாத்துட்டு அகலமான பெட்டி மால்ல வீடு போட்டா குகைதான் கிடைக்கும்.

அதனால கட்டடத்துக்கு ஏத்த வேலைய தேடுங்க. அமெரிக்காவுலயே நாஷ்வில் ஊர்ல ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் மால்ல வாண்டர்பில்ட் மெடிக்கல் சென்டர் கிளினிக் நடத்துது, நோயாளிக்கு வாசல்லயே பார்க்கிங், சின்னச் சின்ன ரூம், கச்சிதமா பொருந்துது. ஆஸ்டின்ல 1971ல திறந்த ஹைலேண்ட் மால் இப்ப கம்யூனிட்டி காலேஜ், பழைய ஜேசிபென்னி கடையத்தான் முதல்ல மாத்தி 2014ல திறந்தாங்க. வெர்மான்ட்ல பர்லிங்டன் ஹைஸ்கூல் கட்டடத்துல பிசிபிங்கற நச்சு ரசாயனம் இருக்குன்னு தெரிஞ்சதும் 2021ல பசங்கள காலியா கிடந்த மேசிஸ்ங்கற பெரிய கடைக்கு மாத்தினாங்க, எஸ்கலேட்டர்ல ஏறி வகுப்புக்குப் போனாங்க. அவசரத்துல தடுப்புச் சுவர் பல இடத்துல சீலிங் வரைக்கும் போகல, ஒரு கிளாஸ் சத்தம் பக்கத்து கிளாஸ்ல கேட்டுச்சு. நீங்க செய்யும்போது சுவர ஸ்லாப் அடிவரைக்கும் ஏத்தி இடுக்க அடைச்சிடுங்க.

தண்ணி, டாய்லெட் லைன் எல்லாம் ஒரே மூலையில இருக்கும், அதனால ஈரமான ரூம் எல்லாத்தையும் அந்தப் பைப் பக்கமா ஒண்ணுக்கு மேல ஒண்ணு வர்ற மாதிரி அடுக்குங்க, தளத்த வெட்டுற செலவு குறையும். உபயோகம் மாறினா தீ வெளியேறும் வழிக் கணக்கும் மாறும், தீயணைப்பு அதிகாரிகிட்ட முதல் ஸ்கெட்ச்லயே காட்டிடுங்க.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல மூடாதீங்க. கடைசி முனையில இருக்குற பெரிய கடையில ஆரம்பிங்க, அதுக்கு தனி வாசல் இருக்கும், பெரும்பாலும் தனி ஏசியும் இருக்கும், மிச்சக் கடைங்க ஓடிட்டே இருக்கலாம், வாடகையும் நிக்காது. காலையில வயசானவங்க ஏசி நிழல்ல நடக்க வர்ற பழக்கம் நிறைய மால்ல உண்டு, வேலை நடக்குற காலம் முழுக்க அந்த நடைபாதைக்கு ஒரு பக்கமாவது திறந்து வைங்க. பார்க்கிங்ல தேவைப்படாத தார உரிச்சு மரம் நட்டு மழைத்தண்ணி இறங்க விடுறத கடைசிக்குத் தள்ளாம முதல் மழைக்காலத்துக்கு முன்னாடியே செஞ்சிடுங்க, மரம் வளர வருஷம் ஆகும்.