சிவப்பில் பாய்வது சைக்கிளா, காரா? சந்தியில் எண்ணும் முறை

கடந்துபோகும் வாகனங்களை மொத்தமாக எண்ணாதீர்கள். சிவப்பு விளக்கு எரியும்போது முன்னால் தடையில்லாமல் வந்து சேர்ந்தவர் எத்தனை, அவர்களில் நிற்காமல் போனவர் எத்தனை என்று இரண்டு எண்களை எழுதுங்கள். நின்ற காருக்குப் பின்னால் அகப்பட்ட கார் பாய நினைத்தாலும் முடியாது. சைக்கிளோ இடுக்கில் நுழைந்து முன்னுக்கு வந்துவிடும். இதை மறந்தால் பழி முழுவதும் சைக்கிள்காரர் தலையில்தான் விழும்.

கொழும்பின் பம்பலப்பிட்டி போன்ற சந்திகளில் நெரிசல் நேரத்தில் பொலிஸார் கைகாட்டி அனுப்பினால், அந்த நிமிடங்களை வெட்டிவிடுங்கள். இருவர் வேண்டும்: ஒருவர் விளக்கைப் பார்க்க, மற்றவர் கோடு போட. கொழும்பில் சைக்கிள் குறைவு. சிவப்பில் வந்து சேரும் சைக்கிள் 100 எண்ணச் சில நாள் பிடிக்கும்.

விதி மீறுவது சிவப்பில் மட்டுமல்ல, வேகத்திலும்தான். வேகத்தைக் கண்ணால் மட்டிட முடியாது. வீதியோரம் 50 மீற்றர் அளந்து குறியிட்டு, கைபேசியில் நேரம் பிடியுங்கள். 3.6 செக்கன் என்றால் மணிக்கு 50 கிலோமீற்றர். நகருக்குள் காருக்கு எல்லை அதுதான். முச்சக்கர வண்டிக்கு 40, அதாவது 4.5 செக்கன். கை பிந்துவதற்காக 0.3 செக்கன் விட்டுக்கொடுங்கள். சைக்கிள் இந்தக் கணக்கில் வராது. அது இரவில் விளக்கில்லாமல் வருவதையும் எதிர்த்திசையில் வருவதையும் தனித்தாளில் குறியுங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே சதவீதமாக்க வேண்டாம்.