மரநிழலில் காபி: சிறு நிலத்தில் தொடங்குவது எப்படி?

காபி காட்டில் பிறந்த செடி. அராபிகா என்ற காபி ரகத்தின் சொந்த ஊர் எத்தியோப்பிய மலைக்காடுகள். அங்கே அது பெரிய மரங்களுக்கு அடியில்தான் வளர்ந்தது. வெட்ட வெயிலில் நட்டாலும் காய்க்கும், தொடக்கத்தில் நன்றாகவே காய்க்கும். ஆனால் அந்தக் காய்ப்புக்கு ஈடாக உரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போடாவிட்டால் இருக்கிற சத்தெல்லாம் காய்க்கே போய், கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வரும். உரத்துக்கு அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்கு நிழல் மரம்தான் சரியான வழி.

1. இடமும் ரகமும்

18 முதல் 22 டிகிரி வரை சராசரி வெப்பம் உள்ள மலைப்பகுதி என்றால் அராபிகா. அதைவிடச் சூடான தாழ்வான இடத்துக்கு ரோபஸ்டா. காபிக்காகக் காட்டை அழிக்க வேண்டாம். நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் மரங்களைக் கணக்கெடுத்து, அவற்றைச் சுற்றியே திட்டமிடுங்கள்.

2. சரிவில் மட்டக்கோடு

பலரும் தாண்டிப்போகும் வேலை இது. செடி வரிசை மேலிருந்து கீழாக ஓடினால் மழைநீரும் மேல்மண்ணும் அதோடு ஓடிவிடும். ஆறடிக் கம்புகள் இரண்டை உச்சியில் கட்டி, 'A' போல விரித்து, நடுவில் குறுக்குக் கம்பு ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய கயிறு தொங்கட்டும். கால்கள் ஊன்றிய இடங்களில் முளையடித்து, கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். ஒரு கால் இருந்த முளையில் மறுகால் வரும்படி திருப்பி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி ஒரு காலை ஊன்றி, மறுகாலைக் கயிறு நடுப்புள்ளிக்கு வரும்வரை நகர்த்தி முளையடித்துக்கொண்டே போனால் ஒரே உயரத்தில் ஓடும் மட்டக்கோடு கிடைத்துவிடும்; செடி வரிசை அதன்மேலேயே ஓடட்டும்.

3. முதலில் மரம், அப்புறம் காபி

மழை தொடங்கும்போது கல்யாண முருங்கை அல்லது கிளைரிசிடியா போத்துகளை (நட்டால் வேர்விடும் கிளைத்துண்டுகளை) நடுங்கள். சீக்கிரம் தழைக்கும், மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும். அவை வளரும்வரை வாழை நிழல் தரும். நிரந்தர நிழலுக்குப் பலா, அத்தி, வாகை போன்றவற்றைக் கலந்து நெருக்கமாக நட்டு, வளர வளரச் சிலவற்றை வெட்டிக் கலைத்துவிடலாம். சில்வர் ஓக் நேராக உயரும், மிளகுக்கொடி ஏற்றலாம், மரமும் விலைபோகும். ஆனால் அதுமட்டுமே போதும் என்று நினைப்பது தவறு; அது தழைச்சத்தைச் சேர்க்காது.

4. நடவு

ஒன்றரை அடிக் குழி, மேல்மண், மக்கிய தொழு உரம். அராபிகாவுக்கு ஆறேழு அடி இடைவெளி, ரோபஸ்டாவுக்குப் பத்தடி. ஆணிவேர் வளையாமல் நட்டு, சுற்றிலும் இலைதழையால் மூடாக்குப் போடுங்கள்; அது தண்டை ஒட்டி இருக்கக் கூடாது.

5. நிழலைக் கவாத்து செய்வது

மரத்தை நட்டுவிட்டு மறந்துவிடுவதால்தான் பாதித் தோட்டம் கெடுகிறது. நிழல் கூடினால் பூ குறையும். ஈரம் தங்கிப் பூஞ்சை நோய்களும் வரும். நிழல் குறைந்தால் இலை கருகும். ஆசிய நாடுகளில் வெயில் படும் அராபிகாத் தண்டைத்தான் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் வண்டு தேடிவந்து முட்டையிடும். உச்சிவெயிலில் செடிகளுக்கு நடுவே நின்று தரையைப் பாருங்கள்: நிழலும் வெயிலும் திட்டுத்திட்டாக, நிழல் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் சரி. ரோபஸ்டாவுக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் விடலாம். மழைக்காலத் தொடக்கத்தில் கிளைகளைக் கழித்து, தழையைச் செடிக்கடியிலேயே பரப்புங்கள். கோடை நெருங்கும்போது கத்தியைத் தொடவே வேண்டாம். பெரிய மரங்களில் எப்போதும் கீழ்க்கிளைகளையே கழியுங்கள். குடை உயரத்தில் இருந்தால் காற்று ஓடும்.

6. அறுவடை

முதல் காய்ப்புக்கு மூன்று நான்கு வருடம் ஆகும். அதுவரை வாழைதான் கைச்செலவுக்கு. பழுத்ததை மட்டும் பல முறை பறியுங்கள். கடைசிப் பறிப்பில் செடியில் மிச்சம் விடாதீர்கள், கீழே விழுந்ததையும் பொறுக்கிவிடுங்கள். காய்த்துளைப்பான் வண்டு அடுத்த காய்ப்பு வரை தங்குவது அந்தக் காய்களுக்குள்தான்.