நியோபெட்ஸ் சண்டைக்குத் தயாராகிறீர்களா? லெவல் 20-இல் கொஞ்சம் நில்லுங்கள்

நியோபெட்ஸ் என்கிற இணைய விளையாட்டில் நான் வளர்க்கும் பெட், கிரார்ல் இனம். பெயர் கருப்பண்ணன். பச்சை நிறம், டைனோசர் வாய், எதைப் போட்டாலும் விழுங்கிவிடுவான். அவனை வளர்க்கும்போது நான் செய்த ஒரு தவறுதான் இதை எழுத வைத்தது. லெவல் ஏறினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்து முதலிலேயே 41 வரை ஏற்றிவிட்டேன். பலம் அப்போது வெறும் 12.

விளையாட்டில் வரும் மிஸ்டரி ஐலண்ட் என்கிற தீவில் உள்ள பயிற்சிப் பள்ளியில் கட்டணமாக வாங்குவது கோட்ஸ்டோன் என்கிற கற்களை. லெவல் 20 வரை ஒரு கோர்ஸுக்கு ஒரு கல், 2 மணி நேரம். 21 முதல் 40 வரை இரண்டு கல், 3 மணி நேரம். 41 முதல் 80 வரை மூன்று கல், 4 மணி நேரம். இப்படியே ஏறி, 200-ஐத் தாண்டினால் எட்டுக் கல், முழுசாக ஒரு நாள். எதைக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பார்த்துப் பள்ளி கட்டணம் போடுவதில்லை. லெவலை மட்டும்தான் பார்க்கிறது. இன்னொரு விதியும் உண்டு: பலமும் தற்காப்பும் லெவலைப் போல இரண்டு மடங்கு வரைதான் ஏறும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கோர்ஸுக்கு ஒரு புள்ளி ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லெவல் 20-இல் நின்றுகொண்டு பலத்தை 12-இலிருந்து 40 ஆக்க 28 கல். பிறகு லெவலை 40-க்குக் கொண்டுபோய், பலத்தை 80 ஆக்க இன்னும் 80 கல். பலத்துக்கு மட்டும் மொத்தம் 108. நான் 41-இல் உட்கார்ந்து அதே 80-ஐ எட்ட 204 கல் கொடுத்தேன். 96 கல் வீண்! அத்தனையும் நாள்கணக்கில் மினி கேம் ஆடிச் சம்பாதித்த நியோபாயிண்ட்டில் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) வாங்கியவை. அதனால்தான் சொல்கிறேன்: 20, 40, 80 ஆகிய மூன்று படிகளிலும் நில்லுங்கள். பலத்தையும் தற்காப்பையும் இரட்டிப்பாக்கிவிட்டு, அப்புறம் அடுத்த லெவலுக்குப் போங்கள்.

பலம் ஒவ்வொரு புள்ளிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யாது, படிப்படியாகத் தாவும். ஆயுதத்தின் அடி 35-இல் ஒன்றரை மடங்கு, 55-இல் இரண்டு, 85-இல் இரண்டரை, 125-இல் மூன்று மடங்கு. அதற்குப் பிறகு 199 வரை அதே மூன்றுதான். 200 ஆனதும் நாலரை. பத்துப் புள்ளி அடிக்கிற வாள் 199-இல் 30 எடுக்கும், 200-இல் 45. கருப்பண்ணன் 200 தொட்ட அன்று, நான் தோற்றுக்கொண்டே இருந்த அதே எதிராளியிடம் அதே வாளோடு போனான். நாலாவது சுற்றில் முடிந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆகவே கல் குறைவாக இருந்தால் 150, 160 என்று சும்மா ஏற்றாதீர்கள். 125-இல் நிறுத்தித் தற்காப்பைக் கவனியுங்கள்.

கல் வாங்க, கடைகளில் பொருளைத் தேடித்தரும் ஷாப் விசார்டில் ஒரே பெயரை நாலைந்து முறை தேடுங்கள். ஒவ்வொரு தேடலிலும் வேறு வேறு கடைகள் வரும், விலை நன்றாகவே மாறும். எந்தக் கல் வேண்டும் என்று பள்ளி பெயர் சொல்லிக் கேட்கும் (மாவ், லூ, வோ என்று). அது கையிருப்பில் இருக்க வேண்டும். பொருள்களைப் பத்திரமாக வைக்கும் சேஃப்டி டெபாசிட் பெட்டிக்குள் இருந்தால் கணக்கில் வராது. நேரம் முடிந்ததும் நீங்களே போய் கோர்ஸை முடித்துவைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்தது தொடங்காது. அதற்காகவே நான் 4 மணி நேரக் கோர்ஸை வேலைக்குக் கிளம்பும்போதும் மதியச் சாப்பாட்டின்போதும் போடுவேன்.

சண்டையில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஆயுதங்கள் வரை எடுக்கலாம். இரண்டையும் அடிக்கிறவையாக எடுக்காமல், ஒன்றைக் கேடயமாக வையுங்கள். எதிராளி எந்த வகையில் தாக்குகிறார் என்பதை முதல் சுற்றில் பாருங்கள்: நெருப்பா, தண்ணீரா, இருளா? அதைத் தடுக்கிற கேடயத்தை அடுத்த சுற்றில் எடுங்கள். நெருப்பைத் தடுக்கும் கேடயம் தண்ணீர் அடிக்கு ஒன்றும் செய்யாது.

இழந்த உயிர்ப் புள்ளி சண்டை முடிந்ததும் தானாகத் திரும்பாது. அதைத் திரும்பப் பெற ஹீலிங் ஸ்பிரிங்ஸ் என்கிற ஊற்றுக்கு அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போகலாம். சாப்பாட்டுக்கு, விளையாட்டில் வரும் டைரேனியா என்கிற இடத்தில் பெரிய ஆம்லெட் தினமும் ஒரு துண்டு கிடைக்கும்; கிரார்ல் அதை மூன்று முறை கடித்துத் தீர்ப்பான். நியோபெட்ஸில் நாள் மாறுவது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது மதியம் 12:30, குளிர்காலத்தில் 1:30. அந்த நேரத்தில் ஆம்லெட்டை எடுத்துவிட்டு, அப்படியே பள்ளியில் கோர்ஸ் முடிந்ததா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒன்பது துண்டு வரைபடம் சேர்த்துத் திறக்கிற ரகசிய ஆய்வகக் கதிரைப் பிடித்த பெட் மீது பாய்ச்சாதீர்கள். புள்ளி இலவசமாக ஏறலாம். ஆனால் லெவல் 1-க்கே இறங்கிவிடவும் கூடும், இனமே மாறவும் கூடும். அதற்கென்று தனியாக ஒரு பெட்டை வையுங்கள். கருப்பண்ணன் அந்தப் பக்கமே போனதில்லை.